சூரியன் வராத ஊருக்குப் பொங்கல் சீர்

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தையல்காரி கடையைப் பூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குக் கிளம்பினால் ஊர் சும்மா இருக்குமா? பொம்மிடி சும்மா இருக்கவில்லை. "ஏ சாந்தி, எம் மருமவ ஜாக்கெட்ட வெட்டிப் போட்டுட்டு எங்க ஓடற?" என்று ஸ்டேஷன் ரோட்டில் நின்றபடியே ஓர் அம்மா கத்தினார். "பனிச்சறுக்கு விளையாடப் போறேனுங்க" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொழுப்புதான் உனக்கு" என்று போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. விசாவுக்குக் கொடுத்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது: குளிர்கால விடுமுறை, பனிச்சறுக்கு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மொபெட்டில்கூட சறுக்கி விழுந்த அனுபவம் உண்டு. சறுக்குவதற்கென்றே ஒரு தேசத்துக்குப் போவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

என் தங்கை மேகலா அங்கே இருக்கிறாள். நார்வேயின் வடக்குக் கோடியில், பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் தங்கும் பெரிய விடுதி ஒன்றில் சலவைப் பிரிவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவள் கணவர் ஜீவன் அதே விடுதியில் சமையல்காரர், பூர்வீகம் யாழ்ப்பாணம். எட்டு வருஷமாக அவளை போனில் மட்டும்தான் பார்க்கிறேன். ஆனால் நான் கிளம்பியது பார்க்க மட்டும் அல்ல. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு சுற்றி வளைக்க வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மா நாலு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தாள். மேகலாவால் வர முடியவில்லை. அங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். அது வருமுன் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், எல்லாம் முடிந்த அன்று அவள் போனில் அழுதுகொண்டே, "அம்மா கடைசியா என்னக் கேட்டுச்சாக்கா?" என்றபோது, "உன்னக் கேக்கவே இல்ல. ஒரு வாட்டி கூட உம் பேரச் சொல்லல" என்றேன்.

பச்சைப் பொய். அம்மா நாள் முழுக்க அவளைத்தான் கேட்டாள். துடைப்பது நான், துணி மாற்றுவது நான், ஊட்டுவது நான், ஆனால் வாய் மட்டும் மேகலா, மேகலா, மேகலா. நாலு மாதம் கேட்டுக் கேட்டு எனக்குள் என்னவோ புளித்துப்போயிருந்தது. அதை அவள் தலையில் கொட்டிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாள், மழை உண்டா, மாமா நலமா என்று கேட்கிறாள். அம்மா என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வருவதில்லை.

அந்தப் பொய்யை போனில் திரும்ப எடுக்க முடியாது. எத்தனையோ ஞாயிறு முயன்று பார்த்துவிட்டேன். நேரில் போகத்தான் வேண்டும். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து தையில் சீர் போகும்: பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவும் போன பிறகு மேகலாவின் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான். சீர் கொண்டு போகிற சாக்கில் போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"பங்குனில வாக்கா," என்றாள் மேகலா. "அப்பத்தான் நல்லா இருக்கும். வெயிலும் இருக்கும், பனியும் இருக்கும். தையில ஒரே இருட்டு."

"பங்குனில எவளாச்சும் பொங்கச் சீர் கொண்டு வருவாளா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. இருட்டுன்னா லைட்டப் போடு."

"அது அப்பிடி இருட்டு இல்லக்கா…" என்று இழுத்தாள். நான் எங்கே கேட்டேன்? எனக்கு எப்போதுமே அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அவளும் ஆசையில் இருந்தாள். சரி, எப்போதாவது வந்தால் போதும் என்று விட்டுவிட்டாள் போல.

திட்டம் போடுவது அப்புறம் தினசரி வேலையானது. சாயங்காலம் கடையை அடைத்ததும் நானும் வீட்டுக்காரரும் அந்த விடுதியின் வீடியோக்களைப் பார்ப்போம். எல்லோரும் காலில் பலகையை மாட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து சர்ரென்று வருவார்கள், வந்து நின்று ஒரு கோப்பையில் எதையோ குடிப்பார்கள். வீட்டுக்காரர் அரூர் டிப்போவில் கண்டக்டர், சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் வேலை. "நீ நம்ம மலையில பத்து வளைவு ஏறுனாவே வாந்தி எடுப்ப. அங்க போயி என்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திட்டத்தை எழுதிவைத்தேன். முதல் நாள், பனி பார்த்தல். இரண்டாம் நாள், சறுக்கல். மூன்றாம் நாள், சொல்லிவிட வேண்டும். நான்காம் நாள், பொங்கல். இரண்டு நாள் சுற்றிப் பார்த்தல், பிறகு ஊர். மூன்றாம் நாளை இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

குளிருக்குக் கோட்டு நானே தைத்தேன். வெளியே ரெக்ஸின், உள்ளே கனத்த கம்பளி, நடுவில் பழைய மெத்தைப் பஞ்சு. மிஷின் ஊசி மூன்று உடைந்தது. அது தாங்குமா என்று பார்க்க, மார்கழியில் விடிகாலை முதல் பஸ்ஸில் சித்தேரிக்கு ஏறினோம். கோட்டைப் போட்டுக்கொண்டு நான் இரண்டு சீட்டை அடைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சாமை மூட்டையோடு நின்ற மலைக்காரப் பெண் கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தாத்தண்டி துணிய மாட்டிகினு எங்கக்கா போறீங்க?"

"நார்வேக்கு."

"அது எந்த மலைங்க? கல்வராயன் பக்கமா?"

"அதுக்கும் அந்தப்பக்கம்" என்றார் வீட்டுக்காரர், டிக்கெட் கிழித்துக்கொண்டே. பஸ்ஸே சிரித்தது. மேலே இறங்கியபோது மூச்சு புகையாக வந்தது, எனக்கோ வியர்த்துக் கொட்டியது. கோட்டு பாஸ் என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

பொம்மிடியில் ரயில் ஏறிய அன்று வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பொய் அவருக்குத் தெரியும். "போன உடனே சொல்லிப்புடு. சீரத் தூக்கிகினு அங்கயும் இங்கயும் சுத்தாத. எனக்கு உன்னத் தெரியும்" என்றார். ரயில் நகர்ந்தது. அவர் கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

வழியை விட்டுவிடுகிறேன். வழியில் நடந்த ஒன்றை மட்டும் விட மனமில்லை. கரும்பைச் சாண் சாணாக நறுக்கி, பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். மஞ்சள் கொத்து இலையோடு இருந்தது. ஒரு பாட்டில் நெய்யும். சுங்கத்தில் ஓர் இளைஞன் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தான். "மூங்கிலா?" என்று கரும்பை முகர்ந்தான். செடியும் பால் பொருளும் உள்ளே வரக்கூடாதாம். மூன்றையும் எடுத்துக்கொண்டான். பித்தளைப் பானையை மட்டும் தட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பக் கொடுத்தான். கரும்பும் மஞ்சளும் இல்லாத சீரை எங்கள் ஊரில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவன் பாவம், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

கடைசி விமானத்திலிருந்து இறங்கியது மத்தியானம் இரண்டு மணிக்கு. வெளியே கும்மிருட்டு. என் கடிகாரத்தில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் காதில் வைத்துப் பார்த்தேன்.

மேகலா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். போனில் தெரிந்ததைவிடச் சின்னதாக இருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நான் போட்ட திட்டத்தில் இருந்தது. அவள் நடந்துதான் வந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டு, "பயணமெல்லாம் நல்லா இருந்துச்சாக்கா? ரொம்ப நன்றிக்கா, இவ்ளோ தூரம் வந்ததுக்கு" என்றாள். விடுதிக்கு வரும் விருந்தாளியிடமும் இப்படித்தான் பேசுவாள் என்று தோன்றியது.

வாசலில் இரண்டு நிமிஷம் நின்றதற்குள் ரெக்ஸின் தகடுபோல விறைத்துப்போனது. கையை மடக்கினால் முழங்கை அருகே படபடவென்று வெடித்தது. பஸ் ஏறியபோது ஒரு பக்கத் தையல் பிரிந்து மெத்தைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. மேகலா தன் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எப்ப விடியும்?" என்று கேட்டேன்.

"விடியாதுக்கா. இன்னும் ஒரு வாரம் சூரியன் வராது. ரெண்டு மாசமா இப்பிடித்தான்."

"வராதுன்னா?"

"எட்டியே பாக்காது. அதத்தான் நான் அன்னிக்குச் சொன்னேன்."

பொங்கல் யாருக்கு வைப்பது? சூரியனுக்கு. சூரியனே இல்லாத ஊருக்கு, சூரியன் இல்லாத மாதமாகப் பார்த்து, பானையும் அரிசியும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்படிச் செய்ய உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்க முடியும்.

இரண்டாம் நாள் சறுக்கல். சரிவு முழுக்க விளக்குப் போட்டிருந்தார்கள், கோயில் திருவிழா மைதானம் மாதிரி வெளிச்சம். எனக்குக் குழந்தைகள் சறுக்கும் மேடுதான் கொடுத்தார்கள். சுடிதாருக்கு மேல் பேண்டு, அதற்கு மேல் இன்னொரு பேண்டு. சொல்லித்தர வந்த பெண் முதலில் கற்றுக்கொடுத்தது எப்படி விழுவது என்பதைத்தான். "பக்கவாட்டில் விழுங்கள், பயப்படாமல் விழுங்கள்" என்றாளாம். மேகலா மொழிபெயர்த்தாள். நான் முன்பக்கம், பின்பக்கம், எல்லாப் பக்கமும் விழுந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு பிள்ளை நின்று என்னவோ கேட்டது. "இந்த அம்மா ஏன் சிரிக்குதுன்னு கேக்குது" என்றாள் மேகலா. நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மேகலாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அந்த ஓரத்துக்காக இன்னும் பத்து முறை விழலாம் என்றிருந்தது.

அன்று ஜீவன் மான் கறி சமைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பி, சித்தேரியில இத சட்டியில வெச்சிருந்தாலே பாரஸ்ட்காரன் புடிச்சிகினு போயிடுவான்."

"இஞ்ச இது ஆடு மாதிரி அக்கா. வளர்க்கிறவை. பயப்பிடாமச் சாப்பிடுங்கோ" என்றார் அவர். யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு வற்ற வைத்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது, பழுப்பு நிறத்தில் ஒரு சீஸும் கொடுத்தார். உப்புப் போட்ட திரட்டுப்பால் மாதிரி. சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேகலாதான் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. இரண்டு முறை அடிக்கோடு போட்ட நாள்.

சீர் புடவைக்கு ஜாக்கெட் ஊரிலேயே தைத்துக் கொண்டுவந்திருந்தேன். என் நோட்டில் இருக்கும் அவள் அளவு எட்டு வருஷத்துக்கு முந்தியது. போட்டுக் காட்டச் சொன்னேன். உள்ளே கனத்த பனியன் போட்டும் ஜாக்கெட் தொளதொளவென்று நின்றது. தோள்பட்டை இறங்கியது, கை ஊசலாடியது. நான் முப்பது வருஷமாக உடம்பை அளந்து பிழைக்கிறவள். ஒரு பெண் எப்போது சாப்பிடுகிறாள், எப்போது சாப்பிடுவதில்லை என்று டேப்பைச் சுற்றினாலே தெரிந்துவிடும்.

"நில்லு, மறுபடி அளக்கறேன்" என்று டேப்பை அவள் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன். இந்த மூன்று நாளில் அவளை அத்தனை கிட்டத்தில் தொட்டது அப்போதுதான். அவள் தலைமுடி என் கன்னத்தில் பட்டது. இப்போது சொல், இப்போதே சொல் என்று உள்ளே ஒரு குரல். வாயைத் திறந்தேன்.

"கைக்கு எவ்ளோ வெக்கட்டும்?" என்றுதான் வந்தது.

"உங்க இஷ்டம்க்கா" என்றாள். நான் உட்கார்ந்து கையாலேயே பிரித்துப் பிடித்துத் தைத்தேன். ஊசி கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு முறை குத்திக்கொண்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். "சொல்லிட்டியா?" என்றார். "நாளைக்கி" என்றேன். "நாளைக்கிப் பொங்கலு. எனக்கு உன்னத் தெரியும்" என்று அவர் வைத்துவிட்டார்.

பொங்கலன்று இன்னொரு சிக்கல். மேகலா வீட்டு அடுப்பு கண்ணாடிப் பலகை மாதிரி. பித்தளைப் பானையை வைத்தால் சூடே ஏறவில்லை, கீச் கீச் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. இரும்புப் பாத்திரத்தில் வைக்கலாம் என்றாள். சீர்ப் பானை இருக்க இன்னொன்றிலா? நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். பனிப்பாதை ஓரத்தில், சறுக்குகிறவர்கள் குளிர் காய்வதற்கென்று மரக்குடில் கட்டி, நடுவில் நெருப்பு போட இடம் விட்டிருக்கிறார்களாம். விறகும் அடுக்கி வைத்திருப்பார்களாம்.

அவள் சீர்ப் புடவை உடுத்தி, அதற்கு மேல் குளிர் ஜாக்கெட்டும் பூட்ஸும் மாட்டி, பானையைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்து வந்தாள். பதினொன்றரை மணிக்கு வானம் நீலமாக வெளுத்திருந்தது. நெருப்பு பிடித்ததும் நான் கேட்டேன், "கெழக்கு எந்தப் பக்கம்?"

"கெழக்கால ஒண்ணும் வராதுக்கா. தெக்கால மட்டும் மத்தியானத்துல செத்த நேரம் செவக்கும். சூரியன் மலைக்கி அந்தாண்ட வந்துட்டு எட்டிப் பாக்காமப் போயிரும்."

"தெக்குப் பாத்துப் பொங்க வெக்கறதா? தெக்குப் பாத்து செத்தவங்களுக்குத்தான்…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மேகலா பானையைத் தெற்குப் பார்த்துத் திருப்பி வைத்தாள். "அம்மாவுக்கு வெக்கறதா இருந்துட்டுப் போவட்டும்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மூன்று வருஷம் கழித்து அந்த வார்த்தை. தெற்கே மலை விளிம்பில் செக்கச் செவேலென்று ஒரு கோடு தெரிந்தது. அந்தப் பக்கம்தான் எங்கள் ஊரும். "மேகலா" என்று கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்தாள்.

அந்நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? புகையைப் பார்த்துவிட்டு, சரிவுகளைக் காவல் காக்கும் பெண் ஒருத்தி பனியில் ஓடும் ஸ்கூட்டரில் டர்ரென்று வந்து நின்றாள். என்ன சமையல் என்று கேட்டாள். சூரியனுக்கு நன்றி சொல்லிப் படைக்கிறோம் என்று மேகலா சொன்னாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடுத்த வாரம்தானே சூரியன் வருது! அன்னைக்கு நாங்க ஊரே மலைமேல ஏறி நின்னு, ஜாம் வெச்ச பன் சாப்பிடுவோம். நீங்க ஒரு வாரம் அவசரப்பட்டுட்டீங்க" என்றாள் என்று மேகலா சொன்னாள். இவர்களும் சூரியனுக்குப் படைக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பால் பொங்கி வழிந்தபோது மூன்று பேரும் சேர்ந்து பொங்கலோ பொங்கல் என்று கத்தினோம். அந்தப் பெண் இரண்டு கோப்பை வாங்கிச் சாப்பிட்டாள். நல்லவள்தான். ஆனால் அவள் போகும்போது தெற்கே இருட்டிவிட்டது, மேகலாவும் பானையைத் தேய்க்கக் குனிந்துவிட்டாள்.

அடுத்த இரண்டு நாள் சுற்றிப் பார்த்தோம். நாய் இழுக்கும் வண்டி, உறைந்த ஏரி, பனியால் கட்டிய ஒரு வீடு. என்னென்னவோ பார்த்தேன், எதையும் பார்க்கவில்லை. நாய் வண்டியில் சொல்லலாம் என்று நினைத்தேன், நாய்கள் குரைத்தன. ஏரியில் சொல்லலாம் என்று நினைத்தேன், அவள் போனில் யாருக்கோ படுக்கை விரிப்புக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரியும். சொன்ன பிறகு அவள் என் முகத்தில் முழிக்காமல் போய்விட்டால்? ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிட்டால்? பாதி தங்கையாவது இருக்கிறாளே என்று ஒரு பயம். பொய் சொல்லும்போது இல்லாத பயம்.

கிளம்பும் நாள். பஸ் பத்து மணிக்கு. ஜீவன் வேலைக்குப் போகுமுன் ரொட்டி சுற்றிக் கொடுத்து, "சுகமாப் போட்டு வாங்கோ அக்கா" என்றார். நானும் மேகலாவும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். எங்களோடு சறுக்குப் பலகை வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இத்தனை பேர் இருந்தால் இந்நேரம் இரண்டு சண்டை நடந்திருக்கும்.

பஸ்ஸின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. மேகலா என் கையைப் பிடித்துக் குலுக்குவது போல வைத்துக்கொண்டு, "வந்ததுக்கு ரொம்ப நன்றிக்கா. சீருக்கும் நன்றி" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"நன்றியத் தூக்கிக் குப்பையில போடு! அக்காவுக்கு எவளாச்சும் நன்றி சொல்லுவாளா? அடியே, நான் உங்கிட்ட பொய் சொன்னேன்டி. அம்மா உன்னத்தான் கேட்டுச்சு. நாலு மாசமும் உன்னத்தான் கேட்டுச்சு. எனக்குப் பொறுக்கல. அதான் அப்பிடிச் சொன்னேன்."

நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. மேகலா கையுறையைக் கழற்றி என் மேல் எறிந்தாள். இன்னொன்றையும் எறிந்தாள்.

"மூணு வருசம்க்கா!" என்று கத்தினாள். "அம்மாவுக்கு எம்மேல கோவம்னு நெனச்சி அது படத்துக்கு ஒரு பூ வெக்கல நான்! படத்த எடுத்துப் பெட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்கேன்! நீயெல்லாம் ஒரு அக்காவா? உனக்கு வாயா அது? மனுசி செய்யற வேலையா இது?"

எல்லோரும் ஏறிவிட்டார்கள். டிரைவர் எங்களைப் பார்த்து என்னவோ கேட்டார்.

"ஏறலியான்னு கேக்கறாரு" என்றாள் மேகலா, அழுகைக்கு நடுவில்.

"போவச் சொல்லு."

"ப்ளைட் போயிரும்."

"போனாப் போவுது. நீ திட்டு."

இந்த ஊரில் பஸ் யாருக்காகவும் நிற்காது. நின்ற இடத்தில் புகையை விட்டுவிட்டுப் போய்விட்டது. மேகலா திட்டினாள். என்னை, என் வாயை, என் பொறாமையை, என் ரெக்ஸின் கோட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. வந்ததிலிருந்து அவள் இத்தனை பேசியது அப்போதுதான். என் பெட்டியை அவளே எடுத்துக்கொண்டு, பனியில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பாதி வழியில் பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது.

"என்னன்னு கேட்டுச்சு?" என்றாள். "ஒண்ணு விடாமச் சொல்லு."

சொன்னேன். கதவு சத்தம் கேட்டால் மேகலா வந்துட்டாளா பாரு என்று எழுப்பிவிடுவாள் என்றேன். அவ பசி தாங்க மாட்டா, அந்த ஊர்ல யாரு சோறு போடுவாங்க என்று என் கையைத் தட்டிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள் என்றேன். அங்கே பனி என்று யாரோ சொல்லக் கேட்டு, தன் போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்து, இதை அவளுக்கு அனுப்பிவிடு என்று தினமும் சொன்னாள் என்றேன். கடைசி நாள் கண் தெரியாமல் என் கையைத் தடவிப் பார்த்து, "வந்துட்டியா மேகலா" என்றாள். நான் "வந்துட்டேன்மா" என்றேன். அப்புறம் அம்மா பேசவில்லை.

மேகலா பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் கையுறையை உதறி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து மாட்டிவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மறுக்கா சொல்லு" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.